இன்னொருவன் பாவத்துக்கு ஒரு ‘ஆம்’

தியோபானின் சட்டையை எத்தனை முறை துவைத்துக் காயப்போட்டாலும் சாம்பிராணி வாசம் போகாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவர் மூப்பருக்குரிய கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு நடுவழியாக வரும்போது, அந்த வாசம் அவருக்கு முன்னால் வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்துவிடும். காட்டுக்குப் போகிற ஆண்கள் எல்லோரிடமும் அது உண்டு. அவரிடம் கொஞ்சம் கூடுதல் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். மரம் அவருக்குக் கூடுதலாகக் கொடுக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

எங்கள் மலையில் மரம் கொடுப்பது சாதாரணக் காரியம் இல்லை. பட்டையில் சின்னதாகக் கீறி, கீறிய இடத்தைக் கத்திப் பிடியால் தட்டி மூடிவிட்டு வர வேண்டும். மாதக்கணக்கில் மரம் ஒன்றும் சொல்லாது. பிறகு போய்ப் பார்த்தால் பட்டைக்கு அடியில் வெள்ளையாகப் பால் உறைந்திருக்கும், அதுதான் சாம்பிராணி. உறையாமலும் போகலாம். அந்த மரம் ஒரு காலத்தில் பெண்ணாக இருந்தவள் என்பார்கள். விருப்பமில்லாத கல்யாணத்துக்குப் பயந்து காட்டுக்குள் ஓடி, அழுதபடியே நின்றுவிட்டவள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவனுக்கும் மனசில் அழுக்கோடு வருகிறவனுக்கும் அவள் ஒரு துளி கொடுக்கமாட்டாள். இதெல்லாம் பழைய அஞ்ஞானம் என்று போதகர்கள் பிரசங்கம் செய்கிறார்கள். நாங்களும் தலையாட்டுகிறோம். ஆனால் திங்கட்கிழமை மனைவியோடு சமாதானமாகிவிட்டுத்தான் காட்டுக்குக் கிளம்புகிறோம்.

மூன்று அறுவடைக்கு முன்பு தியோபானின் மரங்கள் வற்றின.

அந்தப் பருவத்தில் அவர் வீட்டில் சண்டை இருந்தது உண்மை. மகள் ருமொண்டாங்கைத் தன் அக்காள் மகனுக்கே கொடுக்க வேண்டும் என்று அவர் நின்றார். பெண்ணின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்றாள் அவர் மனைவி லாம்ரியா. வார்த்தை தடித்தது. பேசாமலே காட்டுக்குப் போனார். பட்டையைப் பெயர்த்துப் பார்த்த மரமெல்லாம் உள்ளே வெறும் மரமாகவே இருந்தது. சனிக்கிழமை காலிக் கூடையோடு ஊருக்குள் இறங்கினால் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். சபை மூப்பர் வீட்டில் ஏதோ சரியில்லை என்று ஒருவரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். கூடைக்குள் எட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அன்று காட்டில் பனி இறங்கியிருந்தது. பெரணிச் செடிகள் அடர்ந்த ஒரு ஓடைதான் அவர் தோப்புக்கும் அவர் மச்சான் துங்குலின் தோப்புக்கும் எல்லை. துங்குல் லாம்ரியாவின் அண்ணன். பெண் கொடுத்த வீட்டுக்காரர், எங்கள் வழக்கப்படி கடவுளுக்கு அடுத்தபடி மரியாதை கொடுக்க வேண்டியவர். அவர் தோப்பை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, பார்த்துக்கொண்டிருந்தவன் போலின். பனிக்குள் நடந்துகொண்டிருந்த தியோபான் ஓடைத் தண்ணீரில் கால் நனைவதை உணர்ந்தார். பிறகு நனையவில்லை. எதிரே நின்ற மரத்தின் பட்டையைத் தொட்டார். அது தானாக வருவதுபோல் விலகி வந்தது. உள்ளே நிலா வெளிச்சம் உறைந்ததுபோல் பால்.

பனி மறைத்துவிட்டது, தன் தோப்பு என்று நினைத்துவிட்டேன் என்று பின்னால் பல நாள் அவர் தனக்குள் சொல்லிப் பார்த்தார். ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது. கையெழுத்துபோல ஒவ்வொருவர் கீறலும் ஒவ்வொரு மாதிரி. போலினின் கீறல் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அவர் விரல் அந்தச் சாய்வில் ஒரு கணம் நின்றது. பிறகு கூடை நிறையும்வரை நிற்கவில்லை.

மூப்பர் வீடு சுத்தமான வீடு என்று அந்தச் சனிக்கிழமையும் ஊர் நினைத்துக்கொண்டது. துங்குலின் பங்கு மட்டும் பாதியாகக் குறைந்திருந்தது. வாரக்காரன் திருட்டுத்தனமாக வியாபாரியிடம் விற்றுவிட்டான் என்று துங்குல் சபையில் முறையிட்டார். போலின் இல்லை என்றான். கெஞ்சவில்லை, சத்தியம் செய்யவில்லை, இல்லை என்று மட்டும் சொன்னான். குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவனைச் சபைக்குப் புறம்பாக்குவது எங்கள் முறை. திருவிருந்து இல்லை, பாட்டுக் குழுவில் இடமில்லை, செத்தால் மணி அடிக்கமாட்டார்கள். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த மூப்பர்களில் தியோபானும் ஒருவர். அவர் “கர்த்தர் அறிவார்” என்று மட்டும் சொன்னார். எவ்வளவு இளகிய மனசு என்று மற்றவர்கள் வியந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் வருந்தாத நாள் இல்லை. ஜெபிக்க எழுந்தால் கண்ணீர் வந்துவிடும். அவருடைய ஜெபத்துக்காகவே பக்கத்து ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். போலின் வீட்டு வாசலில் வள்ளிக்கிழங்கு மூட்டை வைத்துவிட்டு வருவார். யார் வைத்தது என்று அவர்களுக்குத் தெரியாது. மனைவியிடம் தணிந்துபோனார். ருமொண்டாங் தனக்குப் பிடித்தவனையே கட்டிக்கொண்டாள். அடுத்த பருவம் மரங்கள் மறுபடி கொடுத்தன, முன்னைவிட அதிகமாகவே. மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார் அவர். மரமாகி நின்றவளே மன்னித்துவிட்டாள், இனி என்ன என்று தோன்றியது. ஆனால் தூக்கத்தில் ஒரே காடு திரும்பத் திரும்ப வந்தது. சத்தமே இல்லாத காடு. ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டே போவார். எல்லாக் கீறலும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். தன் கீறல் உள்ள மரத்தைத் தேடிக்கொண்டே விழித்துக்கொள்வார்.

இப்படியிருக்கும்போது, பிள்ளையே இல்லை என்றிருந்த போலினுக்கும் அவன் மனைவி தாருலிக்கும் ஒரு மகன் பிறந்தான். சாஹாத் என்று பெயர் வைத்தார்கள். தகப்பன் சபைக்கு வெளியே இருக்கும்வரை பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. அதுவரை அசையாமல் இருந்த போலின், தாருலி அழுததைப் பார்த்து மூப்பர்களிடம் வந்தான்.

“சரி, ஒப்புக்கறேன். என்ன கேக்கணுமோ கேளுங்க, ஆம்னு சொல்லிடறேன்.”

மூப்பர்களில் மூத்தவள் ஹெர்தா. சட்டம் பேசுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இவ்வளவு நாள் திமிராக இருந்தவன் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும் என்றாள். எல்லோரும் அதற்குத் தலையாட்டியபோது தியோபான் எழுந்தார். மனந்திரும்பி வருகிறவனுக்குக் கதவை அடைக்கக் கூடாது, இந்த ஞாயிறே அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தழுதழுத்த குரலில் பேசினார்.

“உனக்கென்னப்பா அவ்வளவு அக்கறை? உன் வீட்டுப் பிள்ளையா?” என்றாள் ஹெர்தா. ஆனாலும் இறங்கி வந்தாள். பீடத்துக்கு முன்னால் போலினிடம், செய்த பாவத்துக்காக வருந்துகிறாயா என்ற கேள்வியைத் தியோபானே கேட்பதென்று முடிவாயிற்று.

சபைக்குத் திரும்புகிறவன் முந்தின நாள் மூப்பர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். போலின் தன் ஒரே பன்றியை அறுத்திருந்தான். மூப்பர்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

“என்ன போலின், இது பன்னியா யானையா? இவ்வளவு கொழுப்பு?” என்றார் ஒருவர்.

“சபைக்கு வராம வீட்டுலயே கெடந்து வளத்தது மாமா. எனக்கு வேற என்ன வேலை?”

ஹெர்தா எலும்பைக் கீழே வைத்தாள். “ஒனக்கு எல்லாம் திருந்தினாலும் இந்த நாக்கு திருந்தாது.”

“நாளைக்குத்தான அத்தை திருந்தணும்? இன்னிக்கு ஒரு நாள் விட்டுருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். மரியாதைக்குரியவருக்கென்று ஒதுக்கும் தாடைக் கறியைப் போலின் தானே எடுத்துவந்து தியோபானின் இலையில் வைத்தான். “நீங்க பேசலைன்னா என் பையனுக்கு மீசை மொளைச்சப்புறம்தான் தண்ணி பட்டிருக்கும்ணே.” தியோபான் சாப்பிட்டார். காரம் நாக்கை மரத்துப்போகச் செய்வதை மட்டும் உணர்ந்தார். ருசி ஏதும் வரவில்லை.

கை கழுவப் பின்பக்கம் போனபோது போலின் தண்ணீர் ஊற்றினான்.

“போலின், நாளைக்கு அந்த வார்த்தையச் சொல்றது உனக்குக் கஷ்டமா இல்லையா?”

“ஒரு வார்த்தைதானேண்ணே. இத்தனை நாள் அடைகாத்துப் பாத்தேன், ஒண்ணும் பொரிக்கல. உங்ககிட்ட மட்டும் சொல்றேன், நான் எடுக்கல. மேல இருக்கறவருக்கும் தெரியும். இப்பல்லாம் கோவம்கூட வரமாட்டேங்குது. எடுத்தவன நெனச்சாத்தான் ஒரு மாதிரி இருக்கு.”

“ஏன்?”

“அவன் சொல்ல வேண்டியத நான் சொல்லித் தீத்துடப் போறேனே. நாளையோட அந்தத் திருட்டு முடிஞ்சுது, மன்னிச்சாச்சு, எல்லாரும் பாட்டுப் பாடிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. அப்புறம் அவனுக்கு மனசு வந்தாலும் எங்க போய்ச் சொல்வான்? அவன் உள்ள வர வேண்டிய கதவு. அதுல நான் பூந்து, சாத்திக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு.” போலின் குவளையைக் கவிழ்த்தான். “சரி விடுங்க. அவன் தலையெழுத்து.”

வீட்டுக்கு எடுத்துப்போகும் பங்குக் கறியை வாழை இலையில் கட்டிக் கொடுத்தார்கள். தியோபான் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மத்தியானமே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. வயலில் நின்ற எருமைகள் ஒவ்வொன்றாக வெள்ளையில் கரைந்துகொண்டிருந்தன. பாதையும் கொஞ்ச தூரம்தான் தெரிந்தது. மேலே எங்கோ பாட்டுக் குழு நாளைய பாட்டைப் பழகிக்கொண்டிருந்தது. ஆண்களின் கீழ்க்குரல் மட்டும் மண்ணோடு ஒட்டி வந்தது. நின்றால் அது தன் உள்ளங்காலில் கேட்பதுபோல் இருந்தது அவருக்கு.

குற்றமற்ற ஒருவர் குற்றவாளிகளின் பாவத்தைச் சுமந்தார் என்று தானே எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறார். போலினும் சுமக்கிறான். அப்படியும் நடப்பதுதானே? இந்த நினைப்பு வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குள் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் சிலுவையில் தொங்கியவர் தானாகச் சுமந்தார். தெரிந்தே சுமந்தார், திரும்பி வருகிறவனுக்காக. போலின் தலையில் ஏற்றி வைத்தது நான். ஏற்றிவிட்டு, அவன் நன்றாகச் சுமக்கிறான் என்று சிபாரிசும் செய்திருக்கிறேன். இத்தனை கண்ணீரும் யாருக்கு? நான் எவ்வளவு கஷ்டப்படுகிறேன் என்று எனக்கே காட்டிக்கொள்ள. கையிலிருந்த இலைப் பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது. அந்தக் கறியை வீட்டுக்கு எடுத்துப்போக அவரால் முடியவில்லை.

அவர் திரும்பி நடந்தார்.

தாருலி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். போலின் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தான். தியோபான் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

“இது எனக்கு வர வேண்டியதில்ல. அன்னிக்குப் பாலை எடுத்தது நான்தான்.”

தொட்டில் தானாக ஆடி நின்றது. போலின் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு தாருலியைத் திரும்பிப் பார்த்தான்.

தாருலி எழுந்து வந்தாள். “கெழங்கு மூட்டை வச்சது?”

“நான்தான்.”

“ஏதோ ஒரு புண்ணியவான்னு நெனச்சு, அவருக்காக நான் தெனமும் ஜெபம் பண்ணேன்.” அவள் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். “இந்தக் கறிய எடுத்துட்டுப் போயிருங்க. நாய்க்குப் போடுங்க. வேணாம், நாய் என்ன பாவம் பண்ணுச்சு.”

“மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?” என்றான் போலின்.

“இல்ல. கேக்க எனக்கு மொகம் இல்ல. நாளைக்கு நீ அதச் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியது நான். அதுக்குத்தான் வந்தேன்.”

போலின் தொட்டிலை மறுபடி ஆட்டினான். “நீங்க சொல்றத நம்பி நான் வாய மூடிக்கிட்டு நிக்கணுமா? நாளைக்கு நீங்க சொன்னா சரி. சொல்லாம அந்தக் கேள்விய எங்கிட்டயே கேட்டீங்கன்னா நான் ஆம்னுதான் சொல்வேன். எனக்கு என் பையன் முக்கியம். உங்க ஆத்துமா இல்ல.”

வீட்டில் லாம்ரியா, “பங்குக் கறி எங்க?” என்றாள். தியோபான் அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“எங்க அண்ணன் போலினைத் திருடன்னு சபையில சொன்னாரே, அப்பவும் உங்களுக்குத் தெரியும்.”

“நான் அப்படிச் சொல்லல.”

“சொல்லல. பேசாம இருந்தீங்க. உங்களுக்கு அதானே கைவந்தது.”

அவர் தலை குனிந்தார். லாம்ரியா எழுந்துபோய் அங்கியைக் கொண்டுவந்து மடியில் போட்டுக்கொண்டு, “பெட்டில வச்சிரட்டா, மாட்டிக்கிட்டுப் போறீங்களா?” என்று கேட்டாள்.

“மாட்டிக்கிட்டுத்தான் போகணும். அங்க வச்சுதான் கழட்டணும்.”

மறுநாள் போதகர் மலையேறி வந்திருந்தார். வயதில் சின்னவர். ஞானஸ்நானத் தண்ணீரில் ஜன்னலின் வெளிறிய வெளிச்சம் மிதந்துகொண்டிருந்தது. போலின் முன்பெஞ்சில், தாருலி பக்கத்தில், அவள் தோளில் போர்த்திய துணிக்குள் குழந்தை. தியோபான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் வந்தார். போலின் எழுந்தான். புத்தகம் தியோபானின் கையில் திறந்தே இருந்தது. எழுத்துகள் பனிக்குள் நிற்கும் மரங்கள்போல மங்கித் தெரிந்தன. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

பிறகு அவர் புத்தகத்தை மூடி ஹெர்தாவிடம் கொடுத்தார். போலினுக்குப் பக்கத்தில் வந்து, கேள்வி கேட்கப்படுகிறவன் நிற்கும் இடத்தில் எங்களைப் பார்த்து நின்றார்.

“துங்குல் மச்சானோட தோப்புல பாலை எடுத்தது நான். போலின் எடுக்கல. என் மரம் வத்திப் போச்சு. காலிக் கூடையோட வந்தா என்னைப் பத்தி என்ன நெனைப்பீங்களோன்னு எடுத்தேன். அவனை வெளிய தள்ளினப்ப பேசாம உக்காந்திருந்தேன்.” அவர் அழவில்லை. அவர் ஜெபத்தில் அழுது பார்த்துப் பழகிய எங்களுக்கு அது விசித்திரமாக இருந்தது.

துங்குல் எழுந்துவிட்டார். “என் தங்கச்சியக் கட்டினவனாடா நீ? என் கையாலதானே அவனைக் காட்டிக் குடுக்க வச்ச!”

“உக்காரு துங்குல். இது சந்தை இல்ல,” என்றாள் ஹெர்தா.

தியோபான் அவள் பக்கம் திரும்பினார். “அந்தக் கேள்விய எங்கிட்டக் கேளுங்க அக்கா.”

ஹெர்தா புத்தகத்தைப் பார்த்தாள். அதைத் திறக்கவில்லை. “இன்னிக்குக் கேக்க முடியாது. நீ இன்னும் வெளியவே போகலியே, எப்படி உள்ள சேக்கறது? மொதல்ல போ. நாங்க கூடிப் பேசி அப்புறம் கூப்பிடுவோம்.”

அவர் அங்கியைக் கழற்றி, மடித்து, முன்பெஞ்சில் வைத்தார். நடுவழியாக நடந்தார். சாம்பிராணி வாசமும் அவரோடு போயிற்று. லாம்ரியா தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவர் கடக்கும்போது அவருடைய தொப்பியை எடுத்து நீட்டினாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

இளம் போதகர் என்ன செய்வதென்று தெரியாமல் ஹெர்தாவைப் பார்த்தார். அவள் புத்தகத்தை அவரிடம் நீட்டினாள். “கேள்வி இன்னும் பாக்கி இருக்கு, ஐயா. எங்ககிட்டக் கேளுங்க. இவனை வெளிய தள்ளினது நாங்க. நேத்து அவன் வீட்டுல உக்காந்து அவன் பன்னியவும் தின்னோம்.”

மூப்பர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்றார்கள். கடைசியாகத் துங்குலும் வந்தார், யாரையும் பார்க்காமல். செய்த பாவத்துக்காக மெய்யாகவே வருந்துகிறீர்களா, அதை விட்டுத் திரும்புகிறீர்களா என்று போதகர் கேட்டார். ஆம் என்றார்கள். துங்குலின் குரல் மட்டும் தனியாக, தாமதமாக வந்தது. அப்போது போலின் மெல்ல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, “அப்ப பன்னி?” என்றான். யாரோ சிரித்தார்கள். தாருலி சிரிக்கத் தொடங்கி அழுதாள். குழந்தை விழித்துக்கொண்டது. தலையில் தண்ணீர் விழுந்ததும் சாஹாத் போட்ட சத்தம், வெளியே கூரை விளிம்பின் கீழ் நின்றிருந்த தியோபானுக்கு மழைக்கு மேலாகக் கேட்டிருக்கும்.

அவரைப் புறம்பாக்கினார்கள். அந்தப் பருவம் அவர் மரங்கள் அநேகமாக ஒன்றும் கொடுக்கவில்லை. முந்தின வருஷம் மழை பிந்தியதால் எல்லோருக்குமே குறைவுதான். அவருக்கு இன்னும் குறைவு. சனிக்கிழமை அவர் குறுக்குப்பாதையில் போகாமல் சந்தை நடுவே காலிக் கூடையோடு வந்தார்.

“என்ன மூப்பரே, இந்த வாரம் காத்தப் புடிச்சுட்டு வந்தீங்களா?” என்றான் கள்ளுக்கடையிலிருந்து ஒருவன்.

“மூப்பர் இல்லப்பா. கூடையும் காலிதான், வந்து பாரு.” நின்று, கூடையைச் சாய்த்துக் காட்டினார். கேட்டவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒருமுறை ஹெர்தா அவர் வீட்டுப் பக்கம் வந்தபோது, மூப்பர்கள் அடுத்த மாதம் அவரைச் சேர்த்துக்கொள்ள நினைப்பதாகச் சொன்னாள். “அதுக்குள்ளயா? போலின் வெளிய நின்னது எவ்வளவு காலம்?” என்று கேட்டார் அவர். “அதப் பாத்தா எடை போடறது?” என்றாள் அவள். “எடைக்கில்ல அக்கா. அவன் நின்ன எடத்துலேருந்து ஊர் எப்படித் தெரிஞ்சுதுன்னு இப்பத்தான் பாக்கறேன். இன்னும் கொஞ்சம் பாக்கணும்.” ஹெர்தா காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

போலின் அவரோடு பேசவில்லை. திங்கட்கிழமைகளில் இருவரும் ஒரே மலைப்பாதையில்தான் ஏறினார்கள். அவன் முன்னால் போவான், இவர் வேண்டுமென்றே பின்தங்கி வருவார். பனிக்குள் அவன் முதுகு ஒரு நிழலாகத் தெரியும், மறையும். கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பேச்சை எப்போது தொடங்குவது என்பது அவன் கையில் இருக்கிறது என்று விட்டுவிட்டார். இப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று.

அடுத்த கீறல் பருவத்தில் ஒரு திங்கட்கிழமை, முன்னால் போன நிழல் நின்றது. தியோபானும் நின்றார்.

“அண்ணே,” என்றான் போலின், திரும்பாமல். “மேல பாதைல பெரிய மரம் விழுந்து கெடக்கு. அட்டை வேற. இந்தப் பக்கமா சுத்தி வாங்க.”

சொல்லிவிட்டு நடந்தான். தியோபான் அவன் காட்டிய பக்கம் திரும்பி, அவன் மிதித்து மடக்கிய புல்லின்மேல் கால் வைத்து ஏறினார்.